பின்னாடி ‘முருகன் துணை’ன்னு எழுதியிருக்கு... அதை யார் படிக்கிறாங்க?

 

கார்த்திகை, சஷ்டி வந்துட்டா நம்ம பசங்க பாதிப் பேர் பைக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. பழனி, திருச்செந்தூர், சுவாமிமலை, திருத்தணின்னு ஆளுக்கொரு பக்கம். அதனால இன்னைக்கு விரதம், பூஜை முறை பத்தியெல்லாம் பேசப் போறதில்ல. கோயிலுக்குப் போற ரோட்டைப் பத்திக் கொஞ்சம் பேசலாம்.

முதல்ல ஒரு கேள்வி. உங்க வண்டியில என்ன எழுதியிருக்கு?

‘முருகன் துணை’, ‘வேலும் மயிலும் துணை’, ஒரு வேல் படம், இல்லேன்னா வெறும் ‘ஓம்’. ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். என் வண்டியிலயும் இருக்கு. நம்பர் பிளேட்டுக்கு மேல, மஞ்சள் எழுத்துல, ‘முருகன் துணை’. அந்த ரெண்டு வார்த்தையை வச்சுத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் வெட்கத்தோடதான் எழுதுறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, வைகாசி மாசக் கார்த்திகை. மதுரையில இருந்து தனியா பழனிக்குப் போயிட்டிருந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டியாச்சு. மணி பத்தே முக்கால் இருக்கும். உச்சிக்கால பூஜையைப் பார்த்தே ஆகணும்னு மனசுல ஒரு கணக்கு. வண்டியை நிறுத்தணும், படி ஏறணும், வரிசையில நிக்கணும். நேரம் சரியா இருக்கும், அஞ்சு நிமிஷம் கூட வீணாக்கக் கூடாதுன்னு முறுக்கிக்கிட்டுப் போறேன்.

ரோட்டோரத்துல ஒருத்தர் பழைய வண்டி ஒண்ணைத் தள்ளிக்கிட்டுப் போறார். பின்னாடியே ஏழெட்டு வயசுல ஒரு பொண்ணு. கையில மஞ்சப் பை. தலைமுடி நீளமா, வாரி முடியாம கிடக்கு. மொட்டை போடக் கூட்டிட்டுப் போறார் போல. என் வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்து, கையைப் பாதி தூக்கினார். முழுசாக் கூடத் தூக்கல. கேட்கத் தயங்குறவங்க தூக்குவாங்களே, அந்த மாதிரி.

நான் பார்த்தேன். பார்க்கலேன்னு பொய் சொல்ல மாட்டேன். ‘கொஞ்ச தூரத்துல பஞ்சர் கடை இருக்கும், பின்னாடி வர்ற யாராவது நிறுத்துவாங்க’ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, ஒரு ஹாரன் அடிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டேன். கண்ணாடியில பார்த்தா அந்தப் பொண்ணு என் வண்டியவே பார்த்துக்கிட்டு நிக்குது.

உச்சிக்கால பூஜைக்குப் போய்ச் சேர்ந்துட்டேன். நல்ல தரிசனம். ஆனா தீபாராதனை காட்டும்போது கண்ணை மூடினா அந்த மஞ்சப் பைதான் வருது. இறங்கும்போது மொட்டை போட்டு சந்தனம் பூசின ஒவ்வொரு குழந்தையையும் பார்த்துக்கிட்டே இறங்கினேன். அந்தப் பொண்ணைக் காணோம். திரும்பி வரும்போது அதே இடத்துல வண்டியை நிறுத்திப் பார்த்தேன். யாருமில்ல. அவங்க மலைக்கு வந்து சேர்ந்தாங்களா, அப்படியே ஊருக்குத் திரும்பினாங்களா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இந்த மாதிரிக் கதை சொன்னா, ‘அப்புறம் என் வண்டியும் பஞ்சர் ஆச்சு, முருகன் பாடம் புகட்டினான்’னு முடிப்பாங்க. என் வண்டி பஞ்சர் ஆகல. போக வர ஒரு குறையும் இல்லாம கூட்டிட்டு வந்து வீட்ல விட்டான் முருகன். அதுதான் இன்னும் உறுத்துது. எனக்கு அவன் துணையா வந்தான். நான் யாருக்கும் துணையா இல்ல.

அப்போதான் அந்த ஸ்டிக்கர் ஞாபகம் வந்துச்சு. வண்டிக்குப் பின்னாடி ஒட்டினதை நாம ஓட்டும்போது படிக்க முடியாது. படிக்கிறது யாரு? நாம தாண்டிப் போனவங்கதான். அந்த அப்பாவும் பொண்ணும் என் வண்டியில கடைசியாப் பார்த்தது ‘முருகன் துணை’ங்கிற எழுத்து, அவங்களை விட்டுட்டுத் தூரமாப் போறதை.

அடியார்களே, நம்ம சாமியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முருகனே வழியில போற சாமி. ஒரு பழத்துக்காக மயில் மேல ஏறி உலகத்தையே சுத்தி வந்தவன். அவன் ரோட்டோரத்துல நின்னு பேசின கதை நமக்கெல்லாம் தெரியும். ஔவையார் நடந்து நடந்து களைச்சு ஒரு நாவல் மரத்தடிக்கு வர்றாங்க. மரத்து மேல மாடு மேய்க்கிற பையனா உட்கார்ந்திருக்கான். சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமான்னு கேட்கிறான். ஔவைக்கே பாடம் சொன்ன கதையாத்தான் இதை எப்பவும் சொல்றோம். ஆனா அதுக்கு முன்னாடி அவன் செஞ்சதைப் பாருங்க. பசியோட களைப்போட வந்த ஒரு வயசான அம்மாவுக்கு மரத்தை உலுக்கிப் பழம் போட்டான். ஆறு முகம், பன்னிரண்டு கை எதையும் காட்டாம, வழியில பார்க்கிற சாதாரணப் பையனா வந்து போட்டான்.

இன்னொண்ணு. நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படை தெரியும்ல? ஆறு படைவீட்டைச் சொல்ற அந்தப் பாட்டுக்கு ‘ஆற்றுப்படை’ன்னு ஏன் பேர்? ஆறுன்னா வழி. ஆற்றுப்படுத்துறதுன்னா வழிப்படுத்துறது. அந்தக் காலத்துல வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்ற ஒருத்தர், வழியில வறுமையோட வர்ற இன்னொருத்தரைப் பார்த்து, ‘இந்தப் பக்கம் போ, இன்னார்கிட்ட போ, உன் கஷ்டம் தீரும்’னு சொல்லுவார். அதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டுல பாதி, அதாவது அஞ்சு பாட்டு, இந்த வகைதான். அதுல முதல் பாட்டே நம்ம முருகன் பாட்டு.

வாங்கினவன் வாங்காதவனைப் பார்த்ததும் தன் பாட்டுக்குப் போகாம நின்னு பேசினான். அப்படி நின்னதுக்கு ஒரு இலக்கிய வகையே வச்சிருக்காங்க நம்ம முன்னோர். நாம பழனியில இருந்து திருநீறும் பஞ்சாமிர்தமும் வாங்கிட்டு, நிறைஞ்ச மனசோட வரும்போது, எதிர்ல ஒருத்தர் செயின் அறுந்து நிக்கிறார்னா, நாமதான் அந்த வாங்கினவன்.

இனி எனக்காக ஒருத்தர் நின்ன கதை.

போன வருஷம் ஆனி மாசம் திருச்செந்தூர் போயிட்டிருந்தேன். தூத்துக்குடி தாண்டி உப்பளம் வரும் பாருங்க, அங்க பின் டயர் காத்து இறங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு உப்பு. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. டியூப்லெஸ் டயர்தான், பஞ்சர் கிட்டும் கால் பம்பும் என்கிட்ட இருந்துச்சு. ஆனா ஆணியைப் பிடுங்கக் குனிஞ்சா வெயில்ல கண்ணே தெரியல. வியர்வையில கை வழுக்குது.

ஒரு பெரியவர் வண்டியை ஓரமா நிறுத்தினார். அறுபது வயசு இருக்கும்.

“என்ன தம்பி, காத்து போச்சா?”

“ஆமாங்கய்யா. கிட் இருக்கு, நானே போட்டுருவேன். நீங்க கிளம்புங்க.”

“எனக்கு வண்டி வேலை ஒண்ணும் தெரியாது தம்பி. நீ பாரு, நான் நிக்கேன்.”

ஏன் நிக்கிறார்னு எனக்கு அப்போ புரியல. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன், டயர் மேலயும் என் முகத்து மேலயும் வெயில் இல்ல. அவர் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிக்கிறார். அவரோட நிழல் என் மேல விழுது. நான் கொஞ்சம் நகர்ந்தா அவரும் நகர்றார். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில பட்டியைச் சொருகி, காத்து அடிச்சு முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு. அவ்வளவு நேரமும் அந்த மனுஷன் முதுகுல வெயிலை வாங்கிக்கிட்டு நின்னார். தண்ணி பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நான் வண்டியைக் கிளப்பின பிறகுதான் அவர் கிளம்பினார். அவர் வண்டிக்குப் பின்னாடி பார்த்தேன். எந்த ஸ்டிக்கரும் இல்ல.

அன்னைக்கு ராத்திரி கந்தரலங்காரம் படிக்கும்போது ஒரு பாட்டுல அப்படியே நின்னுட்டேன். முன்னாடி நூறு தடவை சொன்ன பாட்டுதான். வேலவனை வாழ்த்தி, இல்லாதவங்களுக்கு ஒரு நொய்யரிசியில உடைஞ்ச துணுக்கு அளவாவது பகிர்ந்து கொடுங்கன்னு அருணகிரிநாதர் சொல்றார். அடுத்து ஒரு உவமை. வெயில்ல நடக்கிறவனுக்கு அவனோட உடம்பு நிழல் ஒதுங்க இடம் தராது. அதே மாதிரி கையில இருக்கிற பொருளும் கடைசி வழிக்கு உதவாதுன்னு முடிக்கிறார்.

என் நிழல் எனக்கு உதவாது. உண்மைதான். எந்த வெயில்லயும் நம்ம நிழல்ல நாமளே ஒதுங்க முடியாது. ஆனா பக்கத்துல இருக்கிறவர் ஒதுங்கலாமே! அதை நான் அன்னைக்கு உப்பளத்துல பார்த்துட்டு வந்திருந்தேன். அவருக்குப் பிரயோஜனப்படாத அவரோட நிழல்லதான் நான் பஞ்சர் போட்டேன். நம்மகிட்ட இருக்கிற நேரம், பலம், தெரிஞ்ச ரெண்டு வேலை எல்லாமே அந்த நிழல் மாதிரிதான். நமக்குன்னே வச்சுக்கிட்டா வீண். இன்னொருத்தர் மேல விழுந்தாத்தான் அதுக்குப் பேர் துணை.

சரி, எல்லாரும் கேட்கிற கேள்விகளுக்கு வர்றேன்.

“எனக்கு மெக்கானிக் வேலை தெரியாதே?” அந்தப் பெரியவருக்கும் தெரியாது. போன்ல சார்ஜ் இல்லாதவருக்கு உங்க போனைக் கொடுக்கலாம். பக்கத்து ஊர்ல மெக்கானிக் எங்கன்னு விசாரிச்சுச் சொல்லலாம். தண்ணி கொடுக்கலாம். பெட்ரோல் தீர்ந்திருந்தா, உங்களது டேங்குக்குக் கீழ டேப் இருக்கிற பழைய மாடலா இருந்தா பைப்பைக் கழட்டி ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொடுத்துடலாம். புது இன்ஜெக்‌ஷன் வண்டியில அது முடியாது, அவரை ஏத்திக்கிட்டுப் பங்குக்குப் போகலாம். காலால முட்டுக் கொடுத்துத் தள்ளிட்டுப் போறதை மட்டும் நாலுவழிச் சாலையில செய்யாதீங்க. உதவப் போய் ரெண்டு பேரும் விழுந்துடக் கூடாது.

“ராத்திரி நேரம், ஏமாத்துறவங்களா இருந்தா?” பயம் நியாயமானது. பக்தின்னா புத்தியைக் கழட்டி வைக்கிறதில்ல. தனியா இருந்து மனசு ஒப்பலேன்னா, வெளிச்சமான கடையோ டோல்கேட்டோ வந்ததும் நிறுத்தி, இந்த இடத்துல ஒருத்தர் நிக்கிறார்னு சொல்லுங்க. தேசிய நெடுஞ்சாலையா இருந்தா 1033-க்கு அழைக்கலாம். அதுவும் நின்னதுக்குச் சமம்தான். நிறுத்துறதா இருந்தா சடன் பிரேக் போடாம, இண்டிகேட்டர் போட்டு, அவங்க வண்டியைத் தாண்டி மண் பாதையில இறக்கி நிறுத்துங்க.

“பொண்ணு தனியா நின்னா?” தம்பிகளே, இதைக் கவனமாக் கேளுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஹெல்மெட்டைக் கழட்டி முகத்தைக் காட்டுங்க. “அக்கா, உதவி வேணுமா? யாருக்காவது போன் பண்ணணுமா?” அவ்வளவுதான் கேட்கணும். வேண்டாம்னு சொன்னா உடனே கிளம்பிடணும். நம்பர் கேட்கிறது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறது எதுவும் கூடாது. வள்ளியம்மையைக் கும்பிடுறவனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

“விபத்தா இருந்தா போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே?” அந்தக் காலம் போயிடுச்சு. 2016-லயே உச்ச நீதிமன்றம் உதவி செய்றவங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்துடுச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயும் 134ஏ-ன்னு பிரிவு சேர்த்தாச்சு. நல்லெண்ணத்தோட காப்பாத்தினவர் மேல வழக்குப் போட முடியாது. பேரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டுல 2021-ல தொடங்கின ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முதல்ல 108-க்கு அடிங்க, அப்புறம் பக்கத்துல நில்லுங்க.

“பூஜைக்கு நேரமாயிடுமே?” இதுக்கு மட்டும் நான் அனுபவத்துல பதில் சொல்றேன். அன்னைக்கு நான் உச்சிக்கால பூஜையைப் பார்த்தேன். அது முடிஞ்சாலும் சாயரட்சை இருந்துச்சு. மறுநாளும் அதே மலையில அதே முருகன் நிப்பான். ஆனா அந்தப் பொண்ணு அந்த ரோட்டுல அந்தப் பத்து நிமிஷம்தான் நின்னுச்சு. தவற விட்டது பூஜையா இருந்திருந்தா மறுபடி பார்த்திருப்பேன்.

இந்தக் கார்த்திகைக்கு ஒரு சின்ன விரதம் எடுத்துக்கலாமா? பட்டினி கிடக்க வேண்டாம். வண்டிப் பையில ஒரு பஞ்சர் கிட், ஒரு பாட்டில் தண்ணி, ஒரு துண்டு. போகும்போதோ வரும்போதோ, வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போற யாரைப் பார்த்தாலும் வேகத்தைக் குறைச்சு ஒரே ஒரு கேள்வி: “என்னாச்சுண்ணே?” பாதிக்குப் பாதி, “ஒண்ணுமில்ல தம்பி, கடை பக்கத்துலதான்”னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவாங்க. அதைக் கேட்டுட்டுப் போங்க. கேட்கவும் ஒரு ஆள் இருந்தான்னு அவங்க மனசு குளிரும்.

பதிவு பிடிச்சிருந்தா நாலு பேருக்கு அனுப்புங்க. அனுப்பலேன்னாலும் ஒண்ணுமில்ல, எந்தத் தண்டனையும் வராது. ஆனா ரோட்டுல ஒருத்தர் கையைப் பாதி தூக்கினா, மீதிப் பாதியை அவர் தூக்கறதுக்குள்ள உங்க வண்டி நிக்கட்டும். பின்னாடி எழுதியிருக்கிற அந்த ரெண்டு வார்த்தை அப்போதான் உண்மையாகும்.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!