கூலியும் கைங்கர்யமும்: மரம் வளர்ப்போர் குறித்து ஒரு தர்ம விசாரம்

தர்ம சாஸ்திரங்களில் 'தேவலகன்' என்றொரு சொல் உண்டு. பொருள் பெற்றுத் தெய்வத்தைப் பூஜித்துப் பிழைப்பவன் என்பது அதன் கருத்து. மநு ஸ்ம்ருதி அவனை ச்ராத்தத்தில் விலக்கத் தக்கவர்களோடு சேர்த்து எண்ணுகிறது. பாகவதர்கள்மீது சுமத்தப்பட்ட இப்பழியை ஆளவந்தார் தமது ஆகமப்ராமாண்யத்தில் எடுத்துக்கொண்டு விரிவாக மறுத்தருளியிருக்கிறார். ஸம்பாவனை பெற்றுக்கொண்டு திருவாராதனம் செய்யும் அடியேன் போன்றோர்க்கு அந்த விசாரம் ஏட்டளவில் நிற்பதன்று. ஆகவே, கூலி பெற்றுச் செய்யும் நற்செயல் நற்செயல்தானா என்னும் கேள்வி எங்கே எழுந்தாலும் அடியேனுடைய செவி அங்கே செல்கிறது. இந்நாளில் அது எழுந்திருக்கும் இடம் உழவனுடைய வரப்பு.

தமிழக அரசின் வேளாண்மைத் துறை 2021-22ஆம் ஆண்டில் 'நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம்' என்றொரு திட்டத்தைத் தொடங்கிற்று. தேக்கு, வேங்கை, மகோகனி, செம்மரம், சந்தனம் முதலிய மரங்களின் கன்றுகள் நிலமுடையோர்க்கு விலையின்றி அளிக்கப்பட்டன. வரப்போரம் நடுவோர்க்கு ஏக்கருக்கு 50 கன்றுகள், வயற்பரப்பு முழுவதும் நடுவோர்க்கு 160 கன்றுகள் என்பது கணக்கு. அதன்பின் இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, உயிரோடிருக்கும் கன்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டொன்றுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. நூற்றறுபது கன்றும் பிழைத்தால் ஏக்கருக்கு 1,120 ரூபாய்.

இத்தொகை நட்டமைக்காகக் கொடுக்கப்படுவதன்று, பிழைத்திருப்பதற்காகக் கொடுக்கப்படுவது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். விழா எடுத்து, குழி தோண்டி, புகைப்படம் பிடித்துக்கொண்டு போவதற்கு ஒரு நாள் போதும். கன்று பட்டுப்போகாமல் காப்பதற்கு ஆடும் மாடும் அறியாத வேலி வேண்டும், சித்திரை வெயிலில் குடத்து நீர் வேண்டும். திட்டம் வகுத்தவர் எவராயினும், இந்த ஒரு விதியில் சாஸ்திரம் அறிந்தவரைப் போல நடந்துகொண்டிருக்கிறார்.

'தன் நிலத்தில் மரம் வைப்பதற்கு ஒருவனுக்குக் கூலியா? நம் முன்னோர் கூலி கேட்டா சோலை வளர்த்தார்கள்?' என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. விடைக்கு மீமாம்ஸையைச் சிறிது நோக்குவோம்.

யாகத்தில் ருத்விக்குகளுக்குத் தக்ஷிணை உண்டு. அது தானமன்று, பரிக்ரயம், அஃதாவது அவர்களுடைய உழைப்பை ஈடு கொடுத்துக் கொள்ளுதல் என்பது மீமாம்ஸகர் தீர்மானம். யாகத்தின் பலன் யஜமானனைச் சேரும். தக்ஷிணை வாங்கியதனால் ருத்விக் செய்த கர்மம் கெட்டுவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. மற்றொரு வகையும் உண்டு. 'ஸத்ரம்' எனப்படும் நெடிய யாகத்தில் ருத்விக்குகள் அனைவருமே யஜமானர்கள். பலன் எல்லோர்க்கும் பொது என்பதால் அங்கே தக்ஷிணை கிடையாது.

மரம் வளர்த்தல் எவ்வகையைச் சேர்ந்தது? மரத்தின் விலை நிலத்துக்குரியவனுக்கு. நிழலும், மண் அரியாமையும், மழைநீர் பூமிக்குள் இறங்குதலும் அயலார் எல்லோர்க்கும். பலன் பொதுவாயிருப்பதால் இது ஸத்ரம் போலத் தோன்றும். ஆனால் ஸத்ரத்தில் பலன் பெறுவோர் அனைவரும் கை நனைக்கின்றனர். இங்கே பலனை மட்டும் கொள்வோர் பலர், நீர் சுமப்பவன் ஒருவன். கை நனைக்காதவர்கள் தக்ஷிணை கொடுத்தே தீர வேண்டும். அந்த ஏழு ரூபாய் உழவனுக்கு நாம் இடும் பிச்சையன்று. நாம் பட்ட கடன், அதுவும் முழுதும் தீராத கடன்.

'நாம்' என்பது உபசாரத்துக்குச் சொன்னதன்று. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து நின்றமையால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து எம்பெருமானை ஸேவித்தார் என்பது நம் ஸ்தல ஐதிஹ்யம். ஊரின் பெயரே நீர்மலை. 2021இல் இவ்வூர் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. இன்று இங்கே வயலைவிட வீடு மிகுதி. ஆயினும் நம்மூர் ஓரமாக ஓடும் அடையாறு ஆதனூர்ப் பக்கத்து ஏரிநீரைக் கொண்டு முடிச்சூர் வழியாக வருவது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறந்திரார். அத்தனை மழையை மரங்கள் தடுத்திருக்கும் என்பது மிகைக்கூற்று. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழையில் எவ்வளவு நம் கிணற்றுக்கு ஊறும், எவ்வளவு மண்ணை வாரிக்கொண்டு ஓடும் என்பதில் மேற்புறத்து நிலத்தாரின் செய்கைக்குப் பங்குண்டு.

கோஸ்டா ரிக்கா என்னும் சிறு தேசத்தில் 1996இல் வனச் சட்டம் இயற்றி, எரிபொருள் வரியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, காடு காக்கும் நில உடைமையாளர்களுக்கு 1997 முதல் பணம் கொடுத்து வந்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுபவன் மரம் காப்பவனுக்குத் தக்ஷிணை கொடுக்கிறான். மீமாம்ஸை படிக்காமலே அவர்கள் இம்முடிவுக்கு வந்தது வியப்பாக இருக்கிறது.

தமிழகத்திலோ, வனமும் மரமும் அடர்ந்த பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33ஆக உயர்த்துவதென்று 2022 செப்டம்பரில் நமக்கு அண்மையிலுள்ள வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. காப்புக்காடு நினைத்தபடி விரிவதில்லை. ஆகவே பெரும்பகுதியும் பட்டா நிலத்தாரையே நம்பியிருக்க வேண்டும்.

நம்பிக்கை என்றதும் சந்தனம் நினைவுக்கு வருகிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின்னரே தமிழகத்தில் பட்டா நிலத்துச் சந்தன மரம் அந்நிலத்தாருக்கே உடைமை என்று ஏற்கப்பட்டது. கர்நாடகத்தில் அதற்கு ஓராண்டு முன்னர். தனக்கு உரிமையற்றதும், களவு போனால் தன்னையே விசாரணைக்கு உட்படுத்துவதுமான மரத்தை எவன் நீரூற்றி வளர்ப்பான்? எம்பெருமானுக்குச் சாற்றும் சந்தனம் அரிதானதற்கு அந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம் என்பது அடியேன் துணிபு. 'ஸர்வமும் பகவானுடைய சொத்தாயிற்றே, உழவனுக்கு உரிமை எதற்கு?' என்று வேதாந்தம் பேசுவோர்க்கு ஒரு வார்த்தை. அந்த உபதேசம் அவரவர் தமக்குச் சொல்லிக்கொள்வதற்கு ஏற்பட்டது. அயலான் வரப்பில் நின்று சொல்வதற்கன்று.

வெட்டி விற்பதற்காக வளர்க்கும் மரம் தர்மமாகுமா என்று இன்னொரு ஐயம். யூபத்திற்கு மரம் வெட்டும்போது கோடரி படும் இடத்தில் தர்ப்பையை வைத்து மரத்தைக் காக்குமாறு வேண்டி, வெட்டியபின் அடிக்கட்டையின்மீது நெய் ஹோமம் செய்து அது பல கிளைகளாகத் தழைக்கும்படி பிரார்த்திப்பது வைதிக மரபு. வெட்டுதல் அங்கே விலக்கப்படவில்லை. வெட்டியவன் அடிக்கட்டையைத் திரும்பிப் பாராமல் போவதே விலக்கப்பட்டது. மகளின் திருமணத்திற்குத் தேக்கை விற்றவன் அவ்விடத்தில் மறுகன்று வைப்பானாகில் அவனைக் குறை கூற யாருக்கும் இடமில்லை.

இனி ஒன்று எஞ்சுகிறது. தேக்கு விலைபோகும் பருவம் எய்த இருபது ஆண்டுக்கு மேலும் ஆகும். ஏழு ரூபாயோ நான்காம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. ஐந்தாம் ஆண்டுக் கோடையில் கிணறு வற்றியபோது, கேட்பாரும் கணக்கெடுப்பாரும் இல்லாத அவ்வரப்புக்கு ஒருவன் நீர் எடுத்துச் செல்வானாகில், அந்தக் குடத்திற்கு மீமாம்ஸகர் சொல்லும் பரிக்ரயம் என்னும் பெயர் பொருந்தாது. அதற்குரிய பெயரைக் கோயிலில் நாம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.