அரசனுக்குப் பணிவு அழகா?

பணிவு துறவிக்கு அழகு. அரசனுக்கோ அது பலவீனம் என்பது உலகத்தார் எண்ணம். இவ்வெண்ணம் சரிதானா? ஏழாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தில் தெய்றா என்னும் சிறு நாட்டை ஏழாண்டுகள் ஆண்ட மன்னர் ஒஸ்வினின் வாழ்வு இக்கேள்விக்கு விடை தருகிறது. 731இல் ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த புனித பீட், இம்மன்னரைப் பற்றி விரிவாகக் கூறுகிறார்.

அந்நாட்டில் வேதம் போதித்த ஆயர் எய்டன் பெரும்பாலும் கால்நடையாகவே செல்பவர். ஆறுகளைக் கடக்க உதவட்டும் என்று மன்னர் அவருக்கு அரச சேணம் பூட்டிய சிறந்த குதிரையொன்றைக் கொடுத்தார். வழியில் ஏழையொருவன் பிச்சை கேட்கவே, ஆயர் அக்குதிரையைச் சேணத்தோடு கொடுத்துவிட்டார். ஏழைக்குக் கொடுக்க விலை குறைந்த குதிரைகள் இருந்தனவே என்று மன்னர் குறைப்பட்டார். அப்படியானால் இறைவனின் பிள்ளையிலும் ஒரு விலங்கு பெரிதோ என்று ஆயர் கேட்டார். வேட்டையால் திரும்பி நெருப்பருகே குளிர்காய்ந்து நின்ற மன்னர் சிந்தித்தார். வாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தம் வீரர் முன்னிலையிலேயே ஆயரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். இத்தகைய மன்னர் நெடுநாள் வாழமாட்டார் என்று ஆயர் கண்ணீர் விட்டார்.

651இல் சோதனை வந்தது. அயல்நாடான பேர்னீசியாவின் மன்னன் ஒஸ்வியு பெரும் படையோடு வந்தான். தம் படை அதற்கு ஈடாகாது எனக் கண்ட ஒஸ்வின், வீரர்களை வீட்டுக்கு அனுப்பினார். நம்பிக்கைக்குரிய ஒரேயொரு வீரனோடு ஒரு பிரபுவின் வீட்டில் ஒளிந்திருந்தார். நண்பன் என நம்பிய அப்பிரபுவே காட்டிக்கொடுத்தான். ஆகஸ்ட் 20ஆம் நாள் கில்லிங் என்னுமிடத்தில் அரசரும் வீரனும் கொல்லப்பட்டனர்.

குடிகளைக் காக்க வேண்டியவர் ஒளிந்துகொள்ளலாமா என்று கேட்பது நியாயமே. அவர் சாவைத் தேடிப் போகவுமில்லை; நல்ல காலம் வரும்வரை உயிர்தப்பியிருக்கவே விரும்பினார். ஆயினும், போரிட்டு மடிந்திருந்தால் அவருக்கு வீரர் என்ற பெயர் கிடைத்திருக்கும். அந்தப் பெயருக்கு விலை கொடுத்திருப்பவர்கள் யார்? அவரோடு நின்ற குடிமக்களின் பிள்ளைகளே. வெற்றிக்குத் தக்க நம்பிக்கையில்லாத போரைத் தொடுக்கலாகாது என்றே திருச்சபையின் அறநெறியும் போதிக்கிறது. குதிரையை ஏழையோடு ஒப்பிட்டு நிறுத்தக் கற்றவர், அன்று தம் மணிமுடியை வீரர்களின் உயிரோடு ஒப்பிட்டு நிறுத்தினார். நெருப்பருகே கற்ற பாடம் போர்க்களத்தில் பலன் தந்தது.

பின்னர் ஒஸ்வியுவின் அரசியும் ஒஸ்வினின் உறவினருமான ஈன்பிளேட் கேட்டுக்கொண்டபடி, கொலைக்குப் பரிகாரமாகக் கில்லிங்கில் ஒரு மடம் எழுந்தது. கொல்லப்பட்டவருக்காகவும் கொன்றவனுக்காகவும் அங்கே நாள்தோறும் செபிக்கப்பட்டது. கொன்றவனுக்குப் பரிகாரம் தேவைப்பட்டது. படையைக் கலைத்தவருக்கோ, வீடு திரும்பிய வீரர்களே சாட்சி. பிறர் உயிரின் விலையை அறிந்திருப்பதே பணிவு. அது அரசனுக்குப் பலவீனமன்று. ஆளும் தகுதியே அதுதான்.