நன்றிக்கு ஒரு முகம்

கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரியில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். எல்லிஸ் ஆர். டங்கனைப் பற்றி கரண் பாலி எடுத்த ‘ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ என்ற ஆவணப்படமும் அதே வருஷம்தான் வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே தார்மீகப் பிரச்னையை எழுப்புகின்றன.

டங்கன் 1935-ல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாது. ‘சதி லீலாவதி’ (1936), ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945) என்று எடுத்தார். ‘மந்திரி குமாரி’ (1950) முடியுமுன் அவர் ஊர் திரும்பிவிட, டி. ஆர். சுந்தரம் அதை முடித்தார். மொழி தெரியாதவர் அம்மொழியில் படமெடுத்தார் என்ற ஒரு வாக்கியம் போதும், வாழ்க்கைச் சித்திரம் தயார். எடிட்டிங் மேஜைக்குப் பிடித்தமான வாக்கியம் அது. ஆனால் அதற்குள் வேறு பலரும் நிற்கிறார்கள். ‘அம்பிகாபதி’க்கு வசனம் எழுதிய இளங்கோவனுக்கும், ‘மந்திரி குமாரி’க்கு எழுதிய மு. கருணாநிதிக்கும் பெயர் இருக்கிறது. வசனத்தின் அர்த்தத்தை டங்கனுக்கும், டங்கன் கேட்டதை நடிகர்களுக்கும் எடுத்துச் சொன்னவர்கள்?

பாலியின் படம் எதை விட்டுவிட்டது என்பதல்ல என் கேள்வி. ஒரு மனிதனை மையத்தில் வைத்த கணமே மற்றவர்கள் சட்டகத்தின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறார்கள். வெட்டுகிறவன் பொய் சொல்வதில்லை. துண்டுகள் எல்லாம் நிஜம். வரிசையில்தான் தீர்ப்பு இருக்கிறது. 2001-ல் இறந்துபோன டங்கனால் தனக்குக் கிடைத்த புகழ்ச்சியைக்கூட மறுக்க முடியாது.

வெட்டாமல் விட்டால் படமில்லை. மேற்கே ஓடிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895-ல் கிழக்கே திரும்பியது. கூடலூர் வயல்களில் இன்று நெல் நிற்பது அந்த வெட்டினால்தான். ஜனவரி 15, பென்னிகுவிக்கின் பிறந்த நாளில், இங்கே விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றி பொய்யல்ல. அணை வேலையில் காய்ச்சல் கண்டு செத்த கூலிகளோ ‘பலர்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிப்போகிறார்கள். நன்றிக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. நீதிக்கு அது போதாது.

எல்லோருக்கும் சம அளவு ஃபிலிம் கொடுப்பது பரிகாரமாகாது. அது வருகைப் பதிவேடு. செய்யக்கூடியது சிறியது. பழைய புகைப்படம் ஒன்றில் இயக்குநர் பக்கத்தில் யாரோ நிற்கிறார். எடிட்டரின் கை இயல்பாகவே இயக்குநர் முகத்தை நெருங்கிப் பெரிதாக்கப் பார்க்கும். படத்தை முழுசாகவே விட்டுவிடலாம். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியவில்லை என்றும் சொல்லலாம். அதற்கு மூன்று விநாடி போதும்.

நாம் முதலில் வெட்டுவது அந்த மூன்று விநாடியைத்தான்.