கண் யாருக்கு உரியது?

கண் தானாகப் பார்ப்பதில்லை. சைவ சித்தாந்தம் சொன்ன இதைக் கண் வைத்தியமும் சொல்கிறது. வெளிச்சம் முதலில் படுவது கருவிழிக்கு முன்னால் தெளிந்து நிற்கும் விழிவெண்படலத்தில். ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே முடிந்துவிடும். கண்மணி சுருங்கியும் விரிந்தும் வேண்டிய அளவே உள்ளே விட, மிச்சத்தை வில்லை சரிசெய்கிறது. விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது. அங்கே ஒளி மின்சைகையாகிறது, நம் பொல்பிட்டிய மின்நிலையத்தில் தண்ணீரின் விசை மின்சாரமாவது போல. மின்சாரம் எந்த வீட்டில் விளக்காக எரிகிறது என்று அந்த யந்திரத்துக்குத் தெரியாது. மூளைக்குப் போன சைகை என்ன காட்சியானது என்று கண்ணுக்கும் தெரியாது. காண்பது ஆன்மா, காட்டுவது இறைவன், கண் வெறும் கருவி.

கருவிதான் என்றால், ஒருவர் விட்டுச் சென்றதை இன்னொருவர் எடுத்தாளலாமே? முழுக் கண்ணை மாற்றிப் பார்வை தர வைத்தியத்தால் இன்னும் முடியவில்லை. விழிவெண்படலத்தை மாற்ற முடியும். அதில் இரத்தக் குழாயே கிடையாது, ஒட்சிசனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் மற்ற உறுப்புகளைப் போல உடம்பு அதை எளிதில் தள்ளிவிடுவதில்லை. கவ்வாத்து வெட்டும்போது சுள்ளி பட்டுப் புண்ணாகி, ஆறியபின் பூ விழுந்துபோன கண்ணுக்கும் இப்படிப் பார்வை திரும்பலாம். (புரை வேறு, அது வில்லையில் வருவது.) டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கை கண் தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. அன்றிலிருந்து பல நாட்டவர் இந்தத் தீவின் கண்களால் பார்க்கிறார்கள்.

கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்போம் என்கிறார்கள். ஆன்மாவோடு போவது வினை, தசையல்ல. அப்படிப் பார்த்தால் சுடலையில் எரியும் கண்ணும் மறுபிறவிக்கு இல்லாமல்தானே போகும்? சிவி அரசன் கண்ணீந்த ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த சிங்கள அயலவர் தயங்காமல் கொடுக்கையில், காளத்தியில் கண்ணை அப்பிய கண்ணப்பரைக் கும்பிடும் நாம் அஞ்சுவது விந்தை. அவர் உயிரோடு கொடுத்தார், செத்தபின் கொடுப்பதில் என்ன தியாகம் என்று கேட்கலாம். தியாகம் குறைவுதான். ஆனால் பார்வையற்றவருக்கு வேண்டியது நம் தியாகத்தின் அளவல்ல, தெளிந்த ஒரு படலம். முகமும் கோரமாகாது, இமை மூடியே இருக்கும்.

கண்ணாடி போட்டவரும் புரை உள்ளவரும் கொடுக்கலாம். ஆனால் உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், மலைப்பாதையோ தூரம். ஆகவே உங்கள் விருப்பத்தை இன்றிரவே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.