புகைக்கு யார் பொறுப்பு?

கல்முனைக் கடைத்தெருவின் ஊடாகச் செல்கிறது கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 நெடுஞ்சாலை. அங்கே பஸ்களும் லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் கக்கும் புகையை அதிகம் சுவாசிப்பவர் யார்? நாள் முழுதும் தெருவோரம் நின்று காய்கறி விற்பவனும், பாடசாலைக்கு நடந்து செல்லும் சிறுமியுமே. பயணத்தின் பயன் ஒருவனுக்கு. புகையின் தீங்கு இன்னொருவனுக்கு. இது நீதியாகுமா?

தனிமனிதன் திருந்தினால் எல்லாம் திருந்தும் என்பர் சிலர். அனுபவம் வேறு கூறுகிறது. 2002ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெற்றோலிலிருந்து ஈயம் நீங்கியது. சாரதிகள் யாவரும் ஒரே நாளில் உத்தமரானதாலன்று. அரசு எரிபொருளையே மாற்றியதால் நீங்கியது.

2008இல் 'டூ-ஸ்ட்ரோக்' முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. எண்ணெய் கலந்த பெற்றோலில் ஒரு பகுதியை எரிக்காமலே வெளியேற்றும் இயந்திரம் அது. தடை நியாயமே. ஆயினும், பழைய வண்டியை ஓட்டி அன்றாடம் அடுப்பெரிப்பவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. அவனுக்கு மாற்று வண்டி வாங்கக் கடன் வேண்டும். மக்களுக்கு நேரந்தவறாத நல்ல பஸ் வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் இட்ட ஆணையால், 2002 முடிவதற்குள் டில்லி நகர பஸ்கள் டீசலைக் கைவிட்டு இயற்கை வாயுவுக்கு மாறின. இயலாத காரியமன்று இது.

காற்று எவருடைய தனியுடைமையுமன்று. ஆகவே அதைத் தூய்மையாக்கும் செலவையும் சமூகம் முழுவதுமே ஏற்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது நமது கடமை.