காப்பிப் பசையும் நொதிச் சவ்வும்

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியை அறிமுகப்படுத்திய சேர்வராயன் மலையில் காப்பி இன்றும் முதன்மைத் தோட்டப்பயிராக விளங்குகிறது. அராபிகா வகைக் காப்பிப் பழத்தை ஈரமுறையில் பதப்படுத்தும்போது, தோல் நீக்கிய கொட்டையின்மேல் பெக்டின் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அடங்கிய வழவழப்பான பசை எஞ்சுகிறது. அதைக் கழுவிய நீர் ஓடையில் கலந்தால், பசையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, மீன்கள் மூச்சுத்திணறுகின்றன.

இந்நீரை நுண்துளைச் சவ்வின் வழியே வடிகட்ட முயன்றால் அதே பெக்டின் துளைகளை அடைத்துவிடும். ஆனால் பெக்டினேஸ் என்னும் நொதியை, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதத்தை, சவ்வின் பரப்பில் பிணைத்து நிறுத்தினால், சங்கிலிகள் அங்கேயே துண்டுபட்டு அடைப்புக் குறைகிறது. நொதியும் நீரோடு போய்விடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுகிறது. கழுவுநீர் புளித்து அமிலமாவதும், இந்நொதிகளுள் பல அமிலச் சூழலில் சிறப்பாக இயங்குவதும் போற்றத்தக்க பொருத்தமாகும். எனினும், துண்டான சர்க்கரைகள் நீரிலேயே தங்குவதால் அடுத்தகட்டச் சுத்திகரிப்பு இன்றியமையாதது.

இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் இரண்டு மாதக் கோடைகால ஆய்வு நல்கை போன்ற வாய்ப்புகளைப் பெறும் இளநிலை வேதிப்பொறியியல் மாணவர்க்கு இதைவிடத் தக்க பொருள் அரிது. அறுவடை குளிர்காலத்திலேயே முடிந்து, கோடையில் கழுவுநீர் கிடைக்காது என்பதால் அவர் பெக்டின் கரைசலைக் கொண்டு ஆய்வைத் தொடங்கி, ஒவ்வொரு வடிகட்டல் சுழற்சிக்குப் பின்னும் நொதியின் செயல்திறன் எவ்வளவு எஞ்சுகிறது என்பதை முதலில் அளக்க வேண்டும்.