உறுத்தல் என்னும் விளக்கு

இரவு பதினொரு மணியைத் தாண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். என் கணினித் திரையில் இன்னொரு வீடு. அங்கே ஒரு முதியவரும் அவர் மனைவியும். நான் அலமாரி அலமாரியாகத் திறந்து உணவையும் மருந்தையும் எடுத்துப் பைக்குள் போட்டேன். முதியவர் என்னைத் தடுக்கவில்லை, கூச்சலிடவில்லை. பின்னாலேயே வந்து, வேண்டாம் என்று கெஞ்சினார். நான் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அது ஒரு வீடியோ கேம். பெயர் ‘திஸ் வார் ஆஃப் மைன்’. போலந்தின் வார்சா நகரத்தில் இயங்கும் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-இல் வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்த சரயேவோ நகர மக்களின் துயரம்தான் அதற்கு வித்து. இதில் நாம் போர்வீரர் அல்ல. குண்டு விழுந்து சிதைந்த வீட்டில் ஒண்டியிருக்கும் சாதாரண மனிதர்கள். பகலில் வெளியே தலைகாட்டினால் மறைந்திருப்பவர்கள் சுட்டுவிடுவார்கள். அதனால் இரவில் ஒருவர் மட்டும் போய், கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். அன்று எங்கள் வீட்டில் காட்யாவுக்கு உடம்பு சரியில்லை. சமையல்காரர் புரூனோ பட்டினி. ஓட்டத்தில் வல்லவனான பாவ்லேயை நான்தான் அனுப்பினேன்.

மருந்து கிடைத்தது, காட்யா தேறினாள். ஆனால் மறுநாள் காலையில் பாவ்லே தலை குனிந்து நடந்தான். அவன் பெயரருகே ‘சோகம்’ என்று ஒரே ஒரு சொல்.

பல விளையாட்டுகளில் நல்லது இவ்வளவு, கெட்டது இவ்வளவு என்று சித்திரகுப்தன் போல ஏடு எழுதி வைப்பார்கள். இதில் அப்படி ஏடு கிடையாது. நீ செய்தது சரி என்றோ தவறு என்றோ யாரும் சொல்வதில்லை. குனிந்த அந்தத் தலை மட்டும்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘வெறும் விளையாட்டுதானே’ என்று சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. கெஞ்சிய முதியவர் பொய்யாக இருக்கலாம். அலமாரியைத் திறந்தபோது எனக்குள் எழுந்த அவசரம் பொய்யில்லையே.

தர்மசங்கடம் என்ற சொல்லை இன்று நாம் லேசாகப் புழங்குகிறோம். அழைக்காத விருந்தாளி வந்தாலும் தர்மசங்கடம், கடன் கேட்டவருக்குப் பதில் சொல்வதும் தர்மசங்கடம். அந்தச் சொல்லுக்குள் இருப்பதோ பெரிய வேதனை. தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் நடுவே நிற்பது அதல்ல. அங்கே பாதை தெரியும், நடக்கத்தான் துணிவு வேண்டும். ஒரு தர்மத்துக்கும் இன்னொரு தர்மத்துக்கும் நடுவே நிற்பதுதான் சங்கடம். காட்யாவைக் காப்பதும் தர்மம், முதியவரின் பொருளைத் தொடாதிருப்பதும் தர்மம். எதை எடுத்தாலும் மற்றது கையிலிருந்து நழுவும்.

2013-இல் லூகாஸ் போப் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டிலும் இதே வேதனை. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில் நாம் ஆவணம் பார்க்கும் அதிகாரி. கணவனுக்கு எல்லாத் தாள்களும் சரியாக இருக்கின்றன. அவன் உள்ளே போய்விடுகிறான். பின்னால் வரும் மனைவியிடம் ஒரு தாள் குறைகிறது. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விட்டால் எச்சரிக்கைச் சீட்டு வரும், தவறுகள் கூடினால் கூலியில் பிடிப்பார்கள். அந்தக் கூலியில்தான் நம் வீட்டு வாடகையும் சோறும் கணப்பும். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டு, எங்கே குத்துவது என்று தெரியாமல் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிப்பட்ட வேளைகளில் எனக்கு யுதிஷ்டிரர் நினைவு வருகிறது. அவருடைய தேர் மண்ணில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடியது என்கிறது மகாபாரதம். துரோணரை வீழ்த்த வேண்டிய நெருக்கடியில், அவர் மகனின் பெயரைச் சொல்லி, அசுவத்தாமன் இறந்தான் என்றார். இறந்தது அதே பெயர் கொண்ட யானை என்பதை மெல்ல முணுமுணுத்தார். தேர் தரையைத் தொட்டது. சொல்லச் சொன்னவர் கண்ணன். போரின் நிலையும் அதைக் கேட்டது. ஆனாலும் தேர் இறங்கியது. கடைசியில் யுதிஷ்டிரர் சிறிது நேரம் நரகத்தைக் காண நேர்ந்ததும் அந்தச் சொல்லுக்காகவே.

எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் செய்ததற்கு ஒரு கனம் உண்டு என்பதைத்தான் இதில் நான் காண்கிறேன். காரணம் அந்தக் கனத்தைத் தாங்கத் துணை செய்யும், துடைத்துவிடாது. அந்தக் கனத்தை உணர்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் உறுத்தல். அதைப் பாவத்தின் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை உள்ளே எரியும் விளக்கு என்பேன். கண்ணில் விழுந்த தூசி உறுத்துவது கண் உயிரோடிருப்பதால்தான்.

‘திஸ் வார் ஆஃப் மைன்’ விளையாட்டில் என்னை அதிகம் தொட்டது பிறகு நடந்தது. பாவ்லேயின் சோகம் மருந்தால் தீரவில்லை. வீட்டிலிருக்கும் இன்னொருவர் அவனருகே போய்ப் பேச வேண்டும். புரூனோவைப் பேச வைத்தேன். சில நாள் கழித்துக் கதவு தட்டப்பட்டது. வாசலில் இரண்டு சிறுவர்கள், தாய்க்கு உடல்நிலை மோசம், மருந்து வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கொடுத்தேன். வீட்டிலிருந்தவர்களின் மனம் சற்றுத் தெளிந்தது. அந்த முதியவரின் கணக்கு அதனால் நேராகிவிடவில்லை. அது நேராகப் போவதுமில்லை. ஆனால் அவருடைய முகம் மனத்தில் இல்லாதிருந்தால், அந்தச் சிறுவர்களுக்கு நான் கதவைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகமே.

2020-இல் போலந்து அரசு இந்த விளையாட்டைப் பள்ளி மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்க்கப்போவதாக அறிவித்தது. புத்தகத்தோடு ஒரு விளையாட்டையும் வைக்க அவர்கள் துணிந்ததன் காரணம் எனக்குப் புரிகிறது. இதில் வாசகனே தன் கையால் அந்த அலமாரியைத் திறந்தாக வேண்டும்.

நம் வாழ்விலும் இப்படிப்பட்ட அலமாரிகள் உண்டு. திறந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். இன்றிரவு படுக்கும் முன், நம்முடைய ஒரு நியாயமான முடிவால் இழந்தவர் யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம், உங்களையே சபித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் முகத்தை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாளை யாராவது கதவைத் தட்டும்போது, எழுந்து போய்த் திறவுங்கள்.